தட்டு எந்த வீடு வரை போகும்?

தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை காயும் முன்பே, எங்கள் ஆச்சி பலகாரத் தட்டுகளைத் தரையில் வரிசையாக வைத்துவிடுவாள். ஒவ்வொரு தட்டிலும் நான்கு அதிரசம், இரண்டு முந்திரிக்கொத்து, ஒரு கை முறுக்கு. மேலே மூட ஒரு குரோஷா துணி. சுமந்து போவது பிள்ளைகள் வேலை. எனக்கு அப்போது ஐந்து வயது. "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. குடுத்ததும் ஓடி வந்துராத. தட்டைத் திருப்பித் தருவாங்க, நின்னு வாங்கிட்டு வா" என்பாள். எந்த வீட்டிலிருந்தும் தட்டு வெறுமையாகத் திரும்பாது. அவர்கள் வீட்டுப் பலகாரம் வரும். துக்கம் நடந்து பலகாரம் சுடாத வீடு என்றால் ஒரு கரண்டி சீனியாவது வரும்.

எட்டு வீடு முடிந்து திரும்பினேன். பின்வாசலில், எங்கள் துணிகளை வெளுத்துத் தரும் பெண்மணி நின்றிருந்தார். அவருக்குரியது தட்டில் வைக்கப்படவில்லை. செய்தித்தாளில் பொட்டலம் கட்டி ஆச்சியே கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். நான் கொண்டு போகிறேன் என்றதற்கு, "நீ முன்னால போய் விளையாடு" என்றாள். ஆச்சி கல்நெஞ்சுக்காரி அல்ல. அந்தப் பொட்டலத்தில் மற்ற தட்டுகளைவிடப் பலகாரம் கூடவே இருந்தது. ஆனால் அன்று காலை நான் இரண்டு பாடம் படித்துவிட்டேன். ஒன்று, நம்மிடம் இருப்பதைக் கொடுக்க வேண்டும். இரண்டு, சிலருக்குத் தட்டில் கொடுக்க வேண்டும், சிலருக்குப் படியில் வைத்தால் போதும். முதல் பாடத்தை ஆச்சி வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாவதை அவள் சொல்லவே இல்லை. அதுதான் மனதில் ஆழமாகப் பதிந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு அன்பையும் இரக்கத்தையும் வீட்டில் எப்படிப் பழக்குவது என்று இன்றைய பெற்றோர் அக்கறையோடு கேட்கிறார்கள். பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல்: செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், பறவைக்குத் தானியம் வையுங்கள், பழைய பொம்மைகளைக் கொடுக்கப் பழக்குங்கள், நன்றி அட்டை செய்யச் சொல்லுங்கள். இவற்றில் பல நல்லவைதான். ஆனால் குழந்தை உளவியலிலும் மானிடவியலிலும் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த ஆய்வுகளை நம் வீடுகளில் நடப்பதோடு சேர்த்துவைத்துப் பார்க்கும்போது, கேள்வியையே சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்பு குழந்தையிடம் பெருமளவு ஏற்கெனவே இருக்கிறது. அது யார் வரைக்கும் போகலாம், எந்த வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதைத்தான் வீடு சொல்லிக் கொடுக்கிறது.

ஏற்கெனவே இருக்கிறது என்று ஆசைக்காகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 18 மாதக் குழந்தைகள் 24 பேரைக் கொண்டு ஓர் எளிய சோதனை நடத்தி, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத ஒருவர் கொடியில் துணி காயப்போடுகிறார். கிளிப் கைநழுவி விழுகிறது. குனிந்து கையை நீட்டுகிறார், எட்டவில்லை. குழந்தை பார்க்கிறது. தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுக்கிறது. அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே கீழே எறிந்தால் குழந்தைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று புரிந்துகொண்டுதான் உதவுகிறார்கள். யாரும் கேட்கவில்லை, பரிசு தரவில்லை. 24 பேரில் 22 பேர் ஒரு முறையாவது உதவினார்கள். கனடாவில் லாரா அக்னினும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் பிஸ்கட்டை வாங்கும்போது காட்டிய மகிழ்ச்சியைவிட, ஒரு பொம்மைக்குக் கொடுக்கும்போது முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி அதிகம். அதிலும் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அது மேலும் கூடியது. நம் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை தான் சப்பிய பிஸ்கட்டை நம் வாயில் திணித்துவிட்டு நம் முகத்தையே உற்றுப் பார்த்துச் சிரிக்குமே, அதுதான் இது.

இந்தத் துறையில் எல்லாம் உறுதிப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2007இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புகழ்பெற்ற ஆய்வு, ஆறு மாதக் கைக்குழந்தைகூட இன்னொருவருக்கு உதவும் பொம்மையையே விரும்புகிறது, தடுக்கும் பொம்மையை ஒதுக்குகிறது என்றது. அண்மையில் பல நாட்டு ஆய்வகங்கள் கூடி ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. ஆகவே பிறவியிலேயே நீதி உணர்வு என்றெல்லாம் பேசுவதில் நான் தயங்குவேன். நடக்கத் தொடங்கிய குழந்தை உதவ விரும்புகிறது என்பதில் தயக்கம் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. யாரோ சிலர் 'நம்மவர்' என்று பிரித்துக் கொள்ளும் வேகமும் குழந்தையிடம் இருக்கிறது. 2011இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் யாரோ டன்ஹாமும் (Yarrow Dunham) குழுவினரும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் வண்ணச் சட்டை கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அப்படியிருந்தும் தன் நிறச் சட்டை போட்ட பிள்ளையைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது என்றார்கள், அவர்களுக்கே அதிகம் பங்கு கொடுத்தார்கள். ஒரு சட்டைக்கே இப்படியென்றால், தெரு, சாதி, மதம், வீட்டில் வேலை செய்பவர், வீட்டுக்காரர் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளரும் கோடுகள் என்ன செய்யும்? பட்டியல் போடும் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை என்பதுதான் என் பெரிய குறை.

தமிழ்க் குடும்பத்தின் அன்பைப் பற்றி மிக நெருக்கமாக எழுதப்பட்ட நூல் ஒன்று அமெரிக்க மானிடவியலாளரிடமிருந்து வந்தது. மார்கரெட் டிராவிக் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து, 1990இல் தமிழ்க் குடும்பத்து அன்பைப் பற்றி வெளியிட்ட அந்த நூலில், அன்பின் குணங்களாக அடக்கம், பழக்கம், பணிவு, கொடுமை, மயக்கம் போன்ற நம் சொற்களையே எடுத்து விளக்குகிறார். பெற்ற பிள்ளையைத் தாயே ஆசையாக உற்றுப் பார்க்கக் கூடாது, கண்பட்டுவிடும் என்கிற நம் அச்சம் 'அடக்கம்' என்பதில் வருகிறது. எனக்கு அதில் முக்கியமானது 'பழக்கம்'. அன்பு பழகப் பழக வரும் என்று நம் மொழியே சொல்கிறது. 'அவரோடு பழகியிருக்கிறேன்' என்பதும் 'கைப்பழக்கம்' என்பதும் ஒரே வேரிலிருந்து வரும் பேச்சு. யாரோடு பழக விடுகிறோமோ அவர் மேல்தான் பிள்ளைக்கு அன்பு வளரும். பழகவே விடாதவரைப் பற்றி எத்தனை நீதிக்கதை சொன்னாலும் அது கதையாகத்தான் நிற்கும்.

பழக்கும் வழிகளில் நான் முதலிடம் தருவது வீட்டு வேலைக்கு. பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் என்ற அமெரிக்கத் தம்பதி தலைமையில் 1950களில் ஆறு ஊர்களில் 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுக் கவனித்தார்கள். முடிவுகள் 1975இல் நூலாக வந்தன. கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் ஒக்கினாவா, அமெரிக்கா, இந்தியா என ஆறு இடங்கள். தம்பி தங்கையைத் தூக்கிச் சுமந்து, தண்ணீர் எடுத்து, அடுப்புக்கு உதவி வளர்ந்த கென்ய, மெக்சிக, பிலிப்பைன்ஸ் கிராமத்துப் பிள்ளைகள் பிறருக்கு உதவுவதிலும் ஆதரவாக நடப்பதிலும் முன்னால் நின்றார்கள். இந்தியாவிலிருந்து சேர்ந்த ஊர், உத்தரப் பிரதேசத்தில் ராஜ்புத் குடும்பங்கள் வாழும் காலாப்பூர். அந்தப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளோடு சேர்ந்து பின்வரிசையில் இருந்தார்கள்; கேட்டுப் பெறுவதும் அதிகாரம் செய்வதும் அவர்களிடம் அதிகம். கூட்டுக்குடும்பம், பண்டிகை, இதிகாசக் கதை எல்லாம் இருந்த ஊர்தான் அது. அவர்கள் நிலம் உள்ளவர்கள், வீட்டு வேலைக்கு வேறு சாதியார் வந்து போனார்கள். இந்த ஒரு செய்தியை நம் நடுத்தர வர்க்க வீடுகள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அதே கென்யாவில் கரோல் எம்பர் செய்த இன்னொரு ஆய்வு 1973இல் வந்தது. லுவோ இனத்தாரிடம் வீட்டுக்குள் செய்யும் வேலைகள் பெண்பிள்ளைகளுடையவை. ஆனால் சில வீடுகளில் அந்த வயதில் பெண்பிள்ளை இல்லாததால், பையன்களே சமைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பையன்கள் மற்றப் பையன்களைவிட முரட்டுத்தனம் குறைந்தவர்களாகவும் உதவும் குணம் கூடியவர்களாகவும் இருந்தார்கள். வேலைதான் அவர்களை மாற்றியிருக்கிறது. நம் வீடுகளில் 'அக்கா தண்ணி கொண்டு வருவா, நீ உட்காரு' என்று நான்கு வயதுப் பையனிடம் சொல்லும்போது, அவனுக்குச் சலுகை தருவதாக நினைக்கிறோம். அன்பு பழகும் வாய்ப்பை அவனிடமிருந்து பிடுங்கிக் கொள்கிறோம். அந்த அக்காவின் உதவியையோ உதவியாகவே யாரும் எண்ணுவதில்லை.

என்ன வேலை கொடுக்கலாம் என்று கேட்டால், உண்மையில் வீட்டுக்குத் தேவைப்படும் வேலை. மூன்று வயதுப் பிள்ளை பட்டாணி உரிக்கும், பூண்டின் மேல்தோலை நீக்கும், காய்ந்த துணியில் தன் சட்டையைப் பிரித்து எடுக்கும். பாதி பட்டாணி தரையில் ஓடும். பெற்றோரின் பொறுமை முழுக்க இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. 'நீ தள்ளு, நான் சீக்கிரம் முடிச்சிடறேன்' என்று மூன்று வயதில் விரட்டிவிட்டு, பதின்மூன்று வயதில் 'ஒரு வேலை செய்யறானா பாரு' என்று வருந்துவதில் பயன் இல்லை. பூண்டு உரித்த பிள்ளையிடம், 'பாட்டிக்குக் கை வலிக்குதுல்ல, நீ உரிச்சதுல பாட்டிக்கு வேலை மிச்சம்' என்று ஒரு வார்த்தை போதும்.

ஸ்டார் ஒட்டும் அட்டவணை வேண்டாம். 2008இல் அதே வார்னெகன், டொமசெல்லோ 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தார்கள்: உதவியதற்கு ஒவ்வொரு முறையும் பரிசு பெற்ற குழந்தைகள், பிறகு பரிசு நின்றதும், பரிசே பெறாதவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். வாயால் பாராட்டியதில் அந்தக் கெடுதல் இல்லை.

சொல்லிக் கொடுப்பதில் எது உதவும் என்பதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. 1979இல் வெளியான கரோலின் ஸான்-வாக்ஸ்லரின் ஆய்வில், தாய்மார்களே பயிற்சி பெற்று வீட்டில் நடப்பதைக் குறித்து வைத்தார்கள். பிள்ளை இன்னொருவரை நோகடித்ததும், 'நீ தள்ளினதால அவனுக்கு அடிபட்டுது, அழறான் பாரு' என்று உண்மையான உணர்ச்சியோடு காரணத்தைச் சொன்ன தாயின் பிள்ளைகள், தாமே போய்த் தடவிக் கொடுப்பது, பொருளைத் திருப்பித் தருவது என்று தேற்ற முயன்றார்கள். காரணம் சொல்லாமல் வெறுமனே அதட்டியதில் இந்தப் பலன் தெரியவில்லை. 2013இல் செலியா பிரவுனெல் குழுவினர் படப்புத்தகம் வாசிக்கும் பெற்றோரைக் கவனித்தார்கள். 'இந்தப் பாப்பா சோகமா இருக்கு' என்று தாமே சொல்லிவிட்டுப் போன பெற்றோரைவிட, 'பாப்பா ஏன் இப்படி இருக்கு, சொல்லு' என்று பிள்ளையைப் பேசவைத்த பெற்றோரின் குழந்தைகள் விரைவாகவும் தாராளமாகவும் பகிர்ந்தார்கள்.

நம் வழக்கமோ வேறு. "ஸாரி சொல்லு. சொல்லு ஸாரி." பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கும், விஷயம் முடிந்தது. அடிபட்ட பிள்ளையின் முகத்தை இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள். இன்னும் வருத்தம், 'தம்பியை அடிப்பியா, அடிப்பியா' என்று கேட்டுக்கொண்டே அடிப்பது. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேய்லரும் 75 ஆய்வுகளை, 1,60,927 குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியிட்டார்கள். அடி வாங்குவது முரட்டுத்தனம், மன உளைச்சல் போன்ற கெடுதல்களோடுதான் சேர்ந்து வந்தது. நல்லது எதனோடும் சேர்ந்து வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளியில் அடிப்பதைத் தடை செய்கிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. வீட்டுக்குள் நாம்தான் இருக்கிறோம்.

கதைகளைப் பற்றி ஒரு சங்கடமான கண்டுபிடிப்பு. டொராண்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார்கள்; ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் சட்டை போட்ட விலங்குகள். மனிதர் வந்த கதை கேட்ட பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகம் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. இது 2018இல் வந்த ஆய்வு. ஒரே ஓர் ஆய்வு என்பதால் பஞ்சதந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தவிர, காக்காய், நரி, வடை கதையில் இரக்கத்துக்கு வேலையே இல்லை. அது ஏமாறாமல் இருக்கச் சொல்லும் கதை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது அப்பா சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் செருப்பு அறுந்துபோன கதையைத்தான். முன்பின் தெரியாத ஒரு தாத்தா தைத்துக் கொடுத்துக் காசு வாங்கவில்லை. 'அந்தத் தாத்தா பேர் என்ன?' என்று என் மகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள். அப்பாவுக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

உணவைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. நம்மிடம் அன்பு புழங்குவதே அதன் வழியாகத்தான். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது, எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடுவது, மாட்டுப் பொங்கலன்று கன்றுக்குட்டிக்குப் பிள்ளை கையால் பொங்கல் ஊட்டுவது, ரமலான் மாதத்தில் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குப் போய் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நோன்புக் கஞ்சி வாங்கி வருவது. வாங்குவதும் கற்க வேண்டிய ஒன்று என்று கஞ்சிக்குப் போய் நின்ற பிள்ளைக்குத் தெரியும். கொடுப்பவராக மட்டுமே வளரும் பிள்ளைக்கு, கொடுப்பது தன் உயரத்தின் அடையாளமாகிவிடுகிறது.

பிறந்தநாளன்று ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடும் வழக்கத்தில் எனக்கு இந்தக் கவலைதான். போகிறவர்களின் மனம் நல்ல மனம். அந்தப் பணத்தில் அன்று ஒரு வேளை உணவு நிச்சயம் நடக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நான் ஒருமுறை போயிருந்தபோது பார்த்தேன். புதுச்சட்டை போட்ட ஐந்து வயதுப் பையன் மேசைக்குப் பின்னால் கரண்டியோடு நிற்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் தட்டோடு வரிசையில் நின்று, ஏறெடுத்தும் பார்க்காமல் வாழ்த்துப் பாட்டைப் பாடுகிறார்கள். போட்டோ எடுத்தார்கள். இவன் அங்கே யாரோடும் விளையாடவில்லை. பெயர் கேட்கவில்லை, உடன் உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, இன்னொரு சாதாரண நாளில் பந்தோடு போய் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து அதே சாம்பார் சோற்றைச் சாப்பிட்டு வந்தால் அது பழக்கம். மறுமாதமும் போனால் அது நட்பு.

ஜேம்ஸ் பிரையனும் நான்சி வால்பெக்கும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரை முழுக்க என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் முன்னால் ஒருவர் விளையாடிப் பரிசு வெல்கிறார். சிலர் வென்றதில் பிறருக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று பேசிவிட்டுக் கொடுக்காமல் போகிறார்கள். சிலர் கொடுப்பது வீண் என்று பேசிக்கொண்டே கொடுக்கிறார்கள். பிள்ளைகள் தம் பரிசிலிருந்து கொடுத்தார்களா இல்லையா என்பதை, விளையாடியவர் செய்ததுதான் தீர்மானித்தது. பேச்சு அவர்களின் பேச்சில் மட்டுமே எதிரொலித்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு என்று ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரை நான்கு வயதுப் பிள்ளை தினமும் பார்க்கிறது. இந்தப் பிரிவினை வீட்டோடு நிற்பதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அதன் பிறகும் வேறு ஊர்களிலிருந்து இப்படிச் செய்தி வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடப்புத்தகத்தில் ஆத்திச்சூடி உண்டு. ஒரே பந்தியில் ஒரே சோறு என்ற மதிய உணவு, இந்த மண்ணில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய அன்புப் பாடம். அதை வீட்டிலிருந்து வந்து கலைத்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். ஆளுக்கொரு பிடி அரிசி, ஒரு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய் என்று வீட்டுக்கு வீடு வாங்கி வந்து, ஒரே பானையில் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது. எவர் வீட்டு அரிசி எது என்று பிறகு பிரிக்க முடியாது என்பதுதான் அதன் அழகு. போன கோடை விடுமுறையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் அதைச் செய்து பார்த்தோம். பதினோரு பிள்ளைகள், அடுப்புப் பக்கத்தில் பெரியவர்கள் இரண்டு பேர். காவலாளியின் மகள் ஏழு வயதுக்காரி, படிக்கட்டு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'நீ என்ன கொண்டு வந்த?' என்று என் மகள் கேட்டாள். அவள் கீழே ஓடிப்போய் இரண்டு கைப்பிடி துவரம்பருப்பைப் பாவாடையில் முடிந்துகொண்டு வந்தாள். பருப்பு இல்லாமல்தான் நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. பரிமாறும்போது சண்டையெல்லாம் அந்தக் காந்தலுக்குத்தான். யார் பங்கு போடுவது என்று கூச்சல் எழுந்தது. கடைசியில் கரண்டி அவள் கைக்குப் போனது, பருப்பு அவளுடையது என்பதால். பானையின் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பதினோரு இலையிலும் நகத்தளவு வைத்துக்கொண்டே வந்தாள். தன் இலைக்கு வரும்போது மிச்சமில்லை. பக்கத்து இலைக்காரி தன்னுடையதைப் பாதியாகப் பிய்த்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, ரசம் எங்கே என்று கேட்டாள்.